லாபத்துக்கு 7.5 சதவீதம், நாவுக்குப் பூட்டு: ஆரம்பகால பி.பி.சி.யை அரசு மேய்த்த விதம்

#1 மரப்பெட்டி

வானொலி வரலாறு பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது: "பிரிட்டனில் வானொலியைத் தனியாரிடம் விடவில்லை, அதனால் அது நடுநிலையாக இருந்தது." இதில் முதல் பாதி பிழை. இரண்டாவது பாதியைப் பற்றித்தான் இந்த இழை.

பி.பி.சி. பிறந்தபோது அது ஒரு கம்பெனி. 1922 அக்டோபரில் கூடிப் பேசி, நவம்பர் 14 அன்று லண்டன் மார்க்கோனி ஹவுஸிலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டார்கள். மார்க்கோனி, ஜெனரல் எலக்ட்ரிக், மெட்ரோபாலிட்டன் விக்கர்ஸ், பிரிட்டிஷ் தாம்சன் ஹூஸ்டன், வெஸ்டர்ன் எலக்ட்ரிக், ரேடியோ கம்யூனிகேஷன் என்று ஆறு பெரிய நிறுவனங்கள் ஆளுக்கு 10,000 பவுண்டு போட்டன. மூலதனம் மொத்தம் 1 லட்சம் பவுண்டு. மீதிப் பங்குகள் சிறு தயாரிப்பாளர்களுக்கு. அத்தனை பேரும் ரேடியோப் பெட்டியும் அதன் பாகங்களும் செய்து விற்பவர்கள். நிகழ்ச்சி இல்லாவிட்டால் பெட்டி விற்காது. ஒலிபரப்பில் அவர்கள் இறங்கியதற்குக் காரணம் அவ்வளவுதான்.

1904ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, அரசின் உரிமம் இல்லாமல் யாரும் அலை அனுப்ப முடியாது. உரிமம் தருபவர் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல். பெயரைக் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம், அவர் அமைச்சர். அவர் விதித்த நிபந்தனைகளில் முக்கியமானவை இவை: பங்குதாரர்களுக்கு ஆண்டுக்கு 7.5 சதவீதத்துக்கு மேல் ஈவுத்தொகை கூடாது. விளம்பரத்துக்குக் காசு வாங்கக் கூடாது. செய்தி ராய்ட்டர்ஸ் போன்ற முகமைகளிடமிருந்துதான் வர வேண்டும், அதுவும் மாலை 7 மணிக்கு முன் கூடாது. இவற்றுக்கு ஈடாக, வானொலி கேட்பவர் ஒவ்வொருவரும் அஞ்சலகத்தில் கட்டும் 10 ஷில்லிங் (அரைப் பவுண்டு) உரிமக் கட்டணத்தில் பாதி கம்பெனிக்கு.

லாபத்துக்கு வரம்பு வைத்ததைப் பாராட்டாதவர் இல்லை. அதே கை பேச்சுக்கும் வரம்பு வைத்தது. அதை மட்டும் ஏன் "நடுநிலை" என்று அழகுபடுத்திச் சொல்கிறோம்? அரசு விதித்த மௌனத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்கள் வரலாம்.

#2 அலைவரிசை41

எதிர்க்கட்சி வந்துவிட்டது.

மரப்பெட்டி ஐயா, 1922இல் அந்த அமைச்சரின் மேசையில் என்னென்ன இருந்தன என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு முன், 1920 ஜூனில், செம்ஸ்ஃபோர்டிலிருந்து பாடகி நெல்லி மெல்பாவை மார்க்கோனி நிறுவனம் பாட வைத்தது. செலவு டெய்லி மெயில் பத்திரிகையுடையது. உலகமே கேட்டது. அதற்குள் ராணுவமும் விமானத் துறையும் எங்கள் தகவல் தொடர்புக்கு இடைஞ்சல் என்று முறையிட, அந்த ஆண்டே அஞ்சல் துறை அத்தகைய ஒலிபரப்புகளை நிறுத்திவிட்டது. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில், நிலைமை நேர்மாறு. கேட்டவர்களுக்கெல்லாம் உரிமம் கொடுத்து, 1922க்குள் நூற்றுக்கணக்கான நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முழங்கிக்கொண்டிருந்தன. ஒரு நிலையத்தின் பாட்டுக்கு நடுவே இன்னொன்றின் பிரசங்கம் கேட்கும்.

இந்த நிலையில் அமைச்சருக்கு இரண்டு அச்சங்கள். எல்லோருக்கும் கொடுத்தால் சந்தைக் கூச்சல். ஒருவருக்கே கொடுத்தால் மார்க்கோனியின் ஏகபோகம். 1912இல் மார்க்கோனி பங்குகளை அமைச்சர்களே வாங்கிப் பெரிய ஊழல் புகார் வெடித்திருந்ததால், அந்தப் பெயரோடு தனியாக உடன்படிக்கை போட எந்த அமைச்சருக்கும் துணிவு வராது. எல்லாத் தயாரிப்பாளர்களையும் ஒரே கம்பெனிக்குள் உட்காரவைத்து லாபத்துக்கு உச்சவரம்பு போட்டது நான் பார்த்தவரையில் புத்திசாலித்தனமான ஏற்பாடு.

#3 கீழவாசல்

ஒரு சந்தேகம். 7.5 சதவீதம் என்பது அந்தக் காலத்தில் அப்படியொன்றும் ஏழை வருமானம் இல்லையே? கையைக் கட்டிப் போட்டது போல எல்லோரும் பேசுகிறீர்கள். போட்டியாளர் இல்லை, கட்டணத்தை வசூலித்துக் கொடுக்க அரசாங்கம் இருக்கிறது, ஈவுத்தொகை 7.5. எனக்குக் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன்.

#4 மரப்பெட்டி

கீழவாசல் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். வரம்பு போட்டது ஒலிபரப்பின் லாபத்துக்கு. பெட்டி விற்ற லாபத்துக்கு எந்த வரம்பும் இல்லை.

அதைவிட ஒருபடி மேல். 10 ஷில்லிங் உரிமம் வாங்கியவர் எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள முடியாது. பி.பி.சி. முத்திரையும் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலின் ஒப்புதலும் பொறித்த பெட்டியாக இருக்க வேண்டும். அந்த முத்திரை கம்பெனியின் உறுப்பினர் செய்த பிரிட்டிஷ் பெட்டிக்குத்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் கம்பெனிக்கு ஒரு பங்குத் தொகை உண்டு. மிக மலிவான கிரிஸ்டல் பெட்டிக்கே ஏழரை ஷில்லிங். ஆக, லாபத்தைக் கட்டுப்படுத்திய அதே ஆவணம், அயல்நாட்டுப் பெட்டிகளுக்குக் கதவை மூடி, அந்தத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு நாட்டின் சந்தையையே தூக்கிக் கொடுத்தது.

சனங்கள் சும்மா இருப்பார்களா? பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே பெட்டி கட்டினார்கள். உரிமம் கேட்டால், "நான் பரிசோதனையாளர்" என்று விண்ணப்பம். சோதனை செய்பவர்களுக்குத் தனி உரிமம் உண்டு, அதற்கு முத்திரை வேண்டியதில்லை. சமையலறை மேசையில் கம்பி சுற்றியவர்களெல்லாம் ஒரே மாதத்தில் விஞ்ஞானிகளாகிவிட்டார்கள். விண்ணப்பிக்கவே செய்யாதவர்கள் அதைவிட அதிகம். கம்பெனியோ, எங்களுக்கு வர வேண்டிய பணம் வரவில்லை என்று அரசின் வாசலில் நின்றது.

1923 ஏப்ரலில் சர் ஃப்ரெடரிக் சைக்ஸ் தலைமையில் குழு போட்டார்கள். அலைவரிசைகள் மதிப்பு மிக்க பொதுச் சொத்து, அவற்றின் மீதான கட்டுப்பாடு அரசிடமே இருக்க வேண்டும் என்று அந்தக் குழு எழுதியது. விளம்பரம் வேண்டாம், எல்லோருக்கும் ஒரே 10 ஷில்லிங் உரிமம் போதும் என்ற திசையில் பரிந்துரைத்தது. அதன்பின் முத்திரைக் கெடுபிடியும் பெட்டிப் பங்குத் தொகையும் படிப்படியாகக் கழன்றுபோயின. கம்பெனிக்கு உரிமக் கட்டணத்தில் கிடைத்த பங்கு பாதியிலிருந்து முக்கால் பங்காக உயர்ந்தது.

சின்னத் தகவல் ஒன்று. 1922இல் இந்தப் பேச்சுவார்த்தை பெரும்பாலும் நடந்தபோது போஸ்ட்மாஸ்டர் ஜெனரலாக இருந்தவர் ஃப்ரெடரிக் கெல்லவே. அந்த நவம்பர் தேர்தலில் தோற்றார். பிறகு எங்கே போனார் தெரியுமா? மார்க்கோனி நிறுவனத்தின் இயக்குநர் குழுவுக்கு.

#5 பொன்னிக்கரை

கிரிஸ்டல் பெட்டி என்றதும் கை துறுதுறுக்கிறது. இன்றைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: அதற்கு மின்சாரமும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். சுண்டைக்காய் அளவில் பளபளக்கும் ஈயக் கனிமக் கல் ஒன்று. அதன்மேல் மெல்லிய கம்பியின் முனையை மெதுவாக வைத்து நகர்த்த வேண்டும். கல்லின் எல்லா இடமும் வேலை செய்யாது. எங்கேயோ ஒரு புள்ளியில் பட்டென்று காதில் குரல் விழும். மூச்சு பலமாக விட்டால் கம்பி நகர்ந்து குரல் போய்விடும். என் தாத்தா சென்னையில் குடியிருந்தபோது இப்படி ஒன்று வைத்திருந்தார். காதில் மாட்டும் கருவியைப் பித்தளைச் சொம்புக்குள் இறக்கிவிட்டால், குனிந்து நான்கு பேர் கேட்கலாம் என்பார்.

அப்பா காலத்தில் தஞ்சாவூரில் வால்வு ரேடியோ. அதற்கும் அஞ்சலகத்தில் உரிமம். பாஸ்போர்ட் போல ஒரு சிறு புத்தகம், ஆண்டுக்கு 15 ரூபாய், அதற்கென்றே அச்சிட்ட வில்லையை ஒட்டி முத்திரை குத்திக் கொடுப்பார்கள். 1980களின் நடுவில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. லண்டனில் 1922இல் போட்ட முடிச்சு எங்கள் வீட்டு அலமாரி வரைக்கும் வந்தது என்பது இந்த இழையைப் படித்தபோதுதான் உறைத்தது.

#6 வழக்காடி

பணக் கணக்கைப் பேசி முடித்துவிட்டீர்கள். நடுநிலைக்கு வருகிறேன்.

"சர்ச்சைக்குரிய விஷயங்களை ஒலிபரப்பக் கூடாது" என்பதுதான் விதி. எது சர்ச்சை என்று தீர்மானிப்பது அஞ்சல் துறை. வழக்குமன்றத்தில் பழகியவர்களுக்குத் தெரியும், விளக்கம் சொல்லாத விதிதான் ஆள்பவருக்கு மிகவும் வசதியான விதி. பி.பி.சி.யின் தலைமை நிர்வாகி ஜான் ரீத் பல முறை கதவைத் தட்டினார். நாடாளுமன்ற நிகழ்வுகளை ஒலிபரப்பலாமா, கட்சிகள் சமமாகப் பங்கெடுக்கும் விவாதம் நடத்தலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெரும்பாலும் மறுப்புதான்.

ஒரு விலக்கு 1924 பொதுத்தேர்தல். மூன்று கட்சித் தலைவர்களுக்கும் ஒவ்வொரு முறை வாய்ப்பு கொடுத்தார்கள். தொழிற்கட்சியின் ராம்சே மெக்டொனால்டு கிளாஸ்கோ பொதுக்கூட்ட மேடையில் பேசினார், அப்படியே ஒலிபரப்பினார்கள். லிபரல் கட்சியின் அஸ்க்வித்தும் பெய்ஸ்லி நகரக் கூட்டத்திலிருந்துதான். மேடையில் அங்குமிங்கும் திரும்பிக் கைதட்டலுக்குக் காத்து முழங்கிய பேச்சு, வீட்டில் காதுக் கருவியோடு உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? கன்சர்வேட்டிவ் கட்சியின் பால்ட்வின் மட்டும் கூட்டத்தை விட்டுவிட்டு அறைக்குள் மைக்கின் முன் உட்கார்ந்து, எதிரில் இருப்பவரிடம் பேசுவதுபோலப் பேசினார். மூவருக்கும் சமவாய்ப்பு என்பது ஏட்டில் சரி. கருவியைப் புரிந்துகொண்டவருக்கே பலன்.

உண்மையான சோதனை 1926 மே மாதம். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஆதரவாகத் தொழிற்சங்கப் பேரவை பொது வேலைநிறுத்தம் அறிவித்தது. மே 3 நள்ளிரவிலிருந்து 12 வரை. அச்சுத் தொழிலாளர்களும் வெளியேறிவிட்டதால் பத்திரிகைகள் கிட்டத்தட்ட இல்லை. நிதியமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில் பொறுப்பில் அரசு நடத்திய "பிரிட்டிஷ் கெஜட்", எதிர்ப்பக்கம் சங்கங்களின் "பிரிட்டிஷ் ஒர்க்கர்", இவற்றை விட்டால் மக்களுக்கு வானொலிதான். பி.பி.சி.க்கு மாலை 7 மணித் தடை நீங்கி, ஒரு நாளைக்கு ஐந்து செய்தி அறிக்கைகள். சர்ச்சில் பி.பி.சி.யை அரசே கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். உரிமத்தில் அதற்கு இடமும் இருந்தது. பிரதமராக இருந்த பால்ட்வின் எடுக்கவில்லை.

இதைத்தான் "பி.பி.சி. சுதந்திரத்தைக் காத்த நாள்" என்று கொண்டாடுகிறார்கள். ரீத் தன் மூத்த ஊழியர்களுக்கு எழுதியதன் சாரம்: பி.பி.சி. மக்களுக்காக, அரசும் மக்களுக்காக, ஆகவே இந்த நெருக்கடியில் பி.பி.சி. அரசின் பக்கம்தான் இருக்க வேண்டும். மே 11 நாட்குறிப்பில் இன்னும் வெளிப்படை. எங்களைக் கைப்பற்றவில்லை என்று சொல்லிக்கொள்ள அவர்கள் விரும்புகிறார்கள், ஆனால் நாங்கள் உண்மையில் நடுநிலையாக இருக்கமாட்டோம் என்று நம்பலாம் என்பதும் அவர்களுக்குத் தெரியும் என்ற கருத்தை அவரே எழுதி வைத்திருக்கிறார். வாக்குமூலத்துக்கு மேல் சாட்சி எதற்கு?

#7 அலைவரிசை41

வழக்காடி, வாக்குமூலத்தைப் பாதி வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

அந்த ஒன்பது நாட்களில் தொழிற்சங்கப் பேரவையின் அறிக்கைகளும் செய்தியில் வந்தன. கெஜட்டில் அவற்றைத் தேடினாலும் கிடைத்திருக்காது. வேலைநிறுத்தக்காரர்களை எதிரிப் படைபோல எழுதிய ஏடு அது. சர்ச்சிலின் விருப்பம் நிறைவேறியிருந்தால் வானொலியிலும் அதே குரல்தான். ரீத்துக்கு முன் இருந்த வழிகள் இரண்டு: பாதி வாயைத் திறந்துகொண்டு தப்பிப்பது, அல்லது கொள்கை பேசிவிட்டுச் சாவியைச் சர்ச்சிலிடம் கொடுப்பது. முதலாவதைத் தேர்ந்தெடுத்தவரை நான் குறை சொல்லமாட்டேன்.

இன்னொன்று. கம்பெனி அந்த ஆண்டு இறுதியில் கலைந்து, 1927 ஜனவரி 1 அன்று மன்னர் பெயரில் தரப்படும் அரச சாசனத்தின் கீழ், பங்குதாரர் இல்லாத பொதுக் கார்ப்பரேஷன் ஆக வேண்டியிருந்தது. கிராஃபோர்ட் பிரபு தலைமையிலான குழு மார்ச்சிலேயே அதைப் பரிந்துரைத்துவிட்டது. மே மாதத்தில் அரசோடு முட்டிக்கொண்டால் அந்தச் சாசனம் எந்த வடிவில் வந்திருக்கும்?

#8 வழக்காடி

நீங்கள் சொன்ன கடைசிப் பத்தியைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். சாசனம் அரசின் கையில், உரிமம் அரசின் கையில், பணம் வசூலிப்பது அரசு. இவ்வளவும் ஒருவர் கையில் இருக்கும்போது ஆணை எதற்கு? கண்ணைக் காட்டினால் போதும்.

நடந்ததைப் பாருங்கள். செய்தி அறிக்கைகள் கடற்படைத் தலைமையகத்தில் ஜே.சி.சி. டேவிட்சனின் பார்வைக்குப் போய்த்தான் வந்தன. அவர் அரசின் ஆள். கேன்டர்பரி பேராயர் ரேண்டல் டேவிட்சன், இரு தரப்பும் இறங்கிவந்து பேச வேண்டும் என்று ஒரு வேண்டுகோளை ஒலிபரப்பக் கேட்டார். அரசுக்குப் பிடிக்காது என்று தெரிந்ததும் ரீத் மறுத்துவிட்டார். பேராயருக்கே கதவு திறந்தது மே 11 அன்று, எல்லாம் முடியும் தறுவாயில். எதிர்க்கட்சித் தலைவர் மெக்டொனால்டு பேச அனுமதி கேட்டார். ரீத்துக்கே கொடுக்கலாம் என்ற எண்ணம் இருந்தது. மேலிடத்தில் கேட்டார், முடியாது என்றார்கள், கொடுக்கவில்லை. மறுத்த பழி பி.பி.சி. தலையில் விழுந்தது, அரசு கையைக் கழுவிக்கொண்டது.

பிரதமருக்கு மட்டும் எப்படி? மே 8 சனிக்கிழமை இரவு, பால்ட்வின் பேசியது நிலையத்திலிருந்து கூட அல்ல. நாடாளுமன்றத்துக்கு அருகில் பார்ட்டன் தெருவில் இருந்த ரீத்தின் சொந்த வீட்டிலிருந்து. பேச்சை எழுதி எடுத்துவந்தவர் முடிவு எப்படி அமைய வேண்டும் என்று ரீத்திடம் கருத்துக் கேட்க, அவர் சொல்லிக்கொடுத்த வரிகள்தான் பிறகு எல்லோர் வாயிலும் அடிபட்டன: நான் அமைதியை நாடுபவன், அமைதிக்காக ஏங்குகிறேன், உழைக்கிறேன், மன்றாடுகிறேன், ஆனால் அரசியலமைப்பின் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கமாட்டேன் என்ற பொருளில்.

ஒரு தரப்பின் தலைவருக்கு மைக் இல்லை. மறு தரப்பின் தலைவருக்கு நிலையத் தலைவரின் கூடம், மைக், பேச்சுக்கு முடிவுரையும் இலவசம். நடுவர் ஆட்டக்காரருக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்த கதை.

#9 தென்பொதிகை

லண்டனிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். லாபத்துக்கு வரம்பே வைக்காத நாட்டில் நடுநிலை என்ன ஆனது என்று பார்த்தால் மரப்பெட்டி ஐயாவின் கட்சிக்கு வேறொரு பக்கம் தெரியும்.

அமெரிக்காவில் 1922 ஆகஸ்டில் நியூயார்க் டபிள்யூ.இ.ஏ.எஃப். நிலையம் அடுக்குமாடி வீடுகள் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு நேரத்தை விற்றது. வர்த்தக அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவர், இவ்வளவு பெரிய சேவை வாய்ப்பை விளம்பர இரைச்சலில் மூழ்கடிப்பதை நினைத்தே பார்க்க முடியவில்லை என்று அதே ஆண்டு பேசியிருந்தார். நினைத்துப் பார்க்க முடியாதது சில ஆண்டுகளில் நாட்டின் வழக்கமாகிவிட்டது.

1927இல் ரேடியோ சட்டம் வந்தது. கூட்டாட்சி ரேடியோ ஆணையம் அமைந்தது. "பொது நலன், வசதி, தேவை" என்ற மூன்று சொற்களே உரிமத்துக்கு அளவுகோல். ஒரு வேட்பாளருக்கு இடம் கொடுத்தால் எதிர் வேட்பாளருக்கும் சமவாய்ப்பு தர வேண்டும், தணிக்கை கூடாது என்றும் சட்டம் சொன்னது. கேட்க நன்றாகத்தானே இருக்கிறது?

அலைவரிசைகளை மறுபங்கீடு செய்தபோது ஆணையம் ஒரு தத்துவம் கண்டுபிடித்தது. எல்லோருக்கும் பொதுவாக நிகழ்ச்சி தரும் நிலையத்துக்கு முன்னுரிமை, ஒரு குழுவின் கருத்தைச் சொல்ல நடத்தப்படும் நிலையம் "பிரச்சார நிலையம்", அதற்குப் பின்வரிசை. சரி, பொது நிலையம் எது? பணம் கொடுத்தவர் யாராயினும் விளம்பரம் போடும் வணிக நிலையம். பிரச்சார நிலையம் எது? சிகாகோ தொழிலாளர் கூட்டமைப்பு 1926இல் தொடங்கிய டபிள்யூ.சி.எஃப்.எல். போன்றவை. தொழிலாளர்கள் தங்களுக்கும் முழுநேரமும் நல்ல அலைவரிசையும் கேட்டபோது, தனித்தனிக் குழுக்களுக்கு அலையில் இடம் ஒதுக்க முடியாது என்ற பதில் கிடைத்தது. லண்டனில் லாப ஆசையைச் சந்தேகித்தார்கள். வாஷிங்டனில் லாப ஆசையையே நடுநிலைக்குச் சான்றிதழாக எடுத்துக்கொண்டார்கள்! காசுக்கு எல்லோருக்கும் விற்பவன் யார் பக்கமும் இல்லாதவன் என்பது அவர்கள் தர்க்கம்.

தணிக்கை இல்லை என்று சட்டம் சொன்னாலும், உரிமத்தைப் புதுப்பிக்க மறுக்க முடியுமே. கன்சாஸ் மாநிலத்து ஜான் பிரிங்க்லி, ஆட்டின் விரைச் சுரப்பியை மனிதனுக்கு வைத்து வீரியம் தருவதாகச் சொல்லிக் கொழித்தவர். தன் நிலையத்தில் நேயர் கடிதங்களைப் படித்து, நோயாளியைப் பார்க்காமலேயே எண் போட்ட மருந்துகளைப் பரிந்துரைத்தார். 1930இல் அவருடைய உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தார்கள். நல்லது என்போம். அடுத்து, லாஸ் ஏஞ்சல்ஸ் பாதிரியார் ராபர்ட் ஷூலர். ஊர் அதிகாரிகளின் ஊழலையும் கூடவே யூதர்களையும் கத்தோலிக்கர்களையும் வெளுத்து வாங்கியவர். 1931இல் அவர் நிலையமும் போயிற்று. முன்கூட்டித் தணிக்கை செய்யவில்லை, பழைய நடத்தையைத்தான் பார்த்தோம் என்றது ஆணையம். நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. போலி வைத்தியனை நிறுத்த எடுத்த ஆயுதம், அடுத்த ஆண்டே ஒரு வசைபாடியை நிறுத்தப் பயன்பட்டது. மூன்றாவதாக யார் என்பது ஆயுதம் வைத்திருப்பவரின் விருப்பம்.

#10 நெறியாளர்

இன்றைய செய்தித் தொலைக்காட்சிகளைப் பற்றிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே பழைய வானொலி மட்டும்.

#11 கீழவாசல்

நீக்கப்பட்டதில் ஒன்று என்னுடையது. பரவாயில்லை.

மரப்பெட்டி ஐயா, 1927க்குப் பிறகு பங்குதாரர்கள் போய்விட்டார்கள். ஈவுத்தொகை இல்லை, லாபமும் இல்லை. அப்படியானால் பணப் பிரச்சினை அத்தோடு தீர்ந்ததா?

#12 மரப்பெட்டி

பங்குதாரர்களுக்கு அவர்கள் போட்ட முகமதிப்பைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் இடத்துக்கு வேறொருவர் வந்தார். நிதித்துறை.

1926 முடிவில் உரிமம் வாங்கியவர்கள் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். கணக்கு எளிதாக இருக்க 20 லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 10 ஷில்லிங் என்றால் 10 லட்சம் பவுண்டு. வசூல் செலவு என்று அஞ்சல் துறை முதலில் 12.5 சதவீதத்தை, அதாவது 1,25,000 பவுண்டை, எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும் பி.பி.சி.க்கா என்றால் இல்லை. முதல் 10 லட்சம் உரிமங்களின் பணத்தில் 90 சதவீதம், இரண்டாவது 10 லட்சத்தில் 80, மூன்றாவதில் 70, அதற்கு மேல் 60 சதவீதம் என்று இறங்குமுகப் படிக்கட்டு. கூட்டிப் பார்த்தால் பி.பி.சி.க்கு 7,43,750, நிதித்துறைக்கு 1,31,250. நேயர்கள் பெருகப் பெருக நிதித்துறையின் பங்கு கொழுக்கும்.

தனியாருக்கு 7.5 சதவீதம் அதிகம் என்று கணக்குப் பார்த்த அரசு, தனக்கு ஒரு வரம்பும் வைத்துக்கொள்ளவில்லை. கேட்பவன் வானொலிக்கென்று கொடுத்த காசு அது. கம்பெனி காலத்தில் லாபத்தைக் கண்காணிக்க அரசு இருந்தது. அரசே லாபம் பார்த்தபோது கண்காணிக்க யாரும் இல்லை. நாடாளுமன்றத்தில் கேட்கலாமே என்பீர்கள். கேட்டார்கள், பதிலும் கிடைத்தது, படிக்கட்டு மட்டும் மாறாமல் நின்றது.

#13 பொன்னிக்கரை

நம் பக்கத்தில் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லண்டன் ஏற்பாட்டை இங்கே நட்டுப் பார்த்தார்கள், வேர் பிடிக்கவில்லை.

இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி 1927 ஜூலை 23 அன்று பம்பாயில் தொடங்கியது. வைஸ்ராய் இர்வின் திறந்துவைத்தார். ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தா. பி.பி.சி. போலவே தனியார் கம்பெனி, அரசு உரிமம். ஆண்டுக்கு 10 ரூபாய் கட்டணம், அதில் 80 சதவீதம் கம்பெனிக்கு, இறக்குமதியாகும் ரேடியோச் சாமான்களின் விலையில் 10 சதவீதமும் சேர்த்து. பங்கு விகிதம் பிரிட்டனைவிடத் தாராளம். ஆனால் உரிமம் வாங்கியவர்கள் எத்தனை பேர்? உச்சத்தில் கூட நாடு முழுவதும் 8,000 பேரை எட்டவில்லை. ஆளுக்கு 8 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 64,000 ரூபாய் கூடத் தேறாது. அதில் இரண்டு நிலையங்கள், பொறியாளர்கள், பாட்டுக்காரர்கள், பக்கவாத்தியம். 1930 மார்ச்சில் கம்பெனி கலைப்புக்குப் போயிற்று. ஏப்ரலில் அரசு எடுத்துக்கொண்டது. அரசாலும் தாங்க முடியாமல் 1931 அக்டோபரில் மூடிவிடுவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. அதன்பிறகு ரேடியோப் பெட்டிக்கு இறக்குமதி வரியை 50 சதவீதமாக உயர்த்தினார்கள். காசுக்கு வழி பிறந்தது.

சென்னையில் கதை வேறு. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் 1924 மே மாதம் மதராஸ் மாகாண ரேடியோ கிளப் அமைந்தது. ஜூலை 31 முதல் ஒலிபரப்பு. முதலில் 40 வாட், பிறகு 200 வாட் கருவி. லாபம் என்ற பேச்சே இல்லாத ஆர்வலர் கூட்டம். பணமில்லாமல் 1927 அக்டோபரில் நின்றுபோனது. கருவி மாநகராட்சிக்குப் போனது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே நடத்தியது. பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடம், மாலையில் சங்கீதம், பூங்காக்களிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கி. உரிமம் வாங்க வசதியில்லாதவனும் மணலில் உட்கார்ந்து கேட்கலாம். என் தாத்தாவின் சொம்பில் விழுந்த குரலும் அந்த நிலையத்துடையதுதான். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்ததும் மாநகராட்சி விலகிக்கொண்டது.

#14 வடமராட்சியான்

இலங்கையில் இந்தக் கம்பெனிக் கட்டமே இருக்கவில்லை. 1925 டிசம்பரில் எட்வர்ட் ஹார்ப்பர் முயற்சியால் கொழும்பில் ஒலிபரப்பு ஆரம்பித்தபோதே அது அரசாங்கத் தந்தித் திணைக்களத்தின் வேலை. முதல் நாளே அரசாங்கம், ஆகவே லாபத்துக்கு வரம்பு வைக்க ஒரு தனியார் இல்லை, பேச்சுக்கு வரம்பு வைக்கிறதென்று எழுதிவைக்கவும் தேவை இல்லை.

#15 அலைவரிசை41

பொன்னிக்கரை அக்கா, மாநகராட்சி நிலையம் பற்றி ஒரு தனிப் பதிவு எழுதுங்கள். கடற்கரை ஒலிபெருக்கி பற்றி எவ்வளவு கேட்டாலும் போதாது.

வழக்காடிக்கு ஒரு கேள்வி. சர்ச்சைத் தடையை 1928 மார்ச்சில் விலக்கிவிட்டார்களே. அதையும் கணக்கில் சேருங்கள். அரசு வைத்த பூட்டை அரசே திறந்தது என்பது என் பக்கத்துக்கு ஒரு புள்ளி.

#16 வழக்காடி

தரமாட்டேன். பாதிப் பூட்டுத்தான் திறந்தது. மற்றவர்களின் சர்ச்சையை ஒலிபரப்பலாம், ஆனால் பொதுக் கொள்கை பற்றிக் கார்ப்பரேஷன் சொந்தக் கருத்து எதுவும் சொல்லக் கூடாது என்ற விதி அப்படியே நீடித்தது. அந்த விதியோடு எனக்குச் சண்டை இல்லை, ஒருவகையில் நியாயமானதுதான். என் சண்டை திறந்த பாதியோடு. அரசியல் பேச யாரை அழைப்பது என்பதில் கட்சிக் கொறடாக்கள் கைகாட்டும் ஆட்களோடு பி.பி.சி. நின்றுகொண்டது. கட்சித் தலைமைகளுக்கிடையே சமநிலை. தலைமையோடு முரண்பட்டவனுக்கு எந்தப் பக்கத்துக் கணக்கிலும் இடமில்லை.

அதில் மாட்டியவர் யார் தெரியுமா? சர்ச்சில். இந்தியாவுக்கு டொமினியன் அந்தஸ்து (பிரிட்டிஷ் பேரரசுக்குள் தன்னாட்சி) என்ற பேச்சை எதிர்த்துத் தன் கட்சித் தலைமையோடே மோதினார். அந்தச் சமயத்தில், 1929 இறுதியில், வானொலியில் அரசியல் பேச அரை மணி நேரம் கொடுத்தால் தன் கையிலிருந்து 100 பவுண்டு தருகிறேன் என்று ரீத்துக்கு எழுதினார். அமெரிக்க முறை போல நேரத்தை விலைக்கு வாங்கும் யோசனை. ரீத் மறுத்துவிட்டார். 1926இல் நிலையத்தையே பறிமுதல் செய்யச் சொன்னவர், பிறகு பல ஆண்டுகள் தனக்கு வாய்ப்பூட்டு போட்டுவிட்டார்கள் என்று முறையிட்டுக்கொண்டிருந்தார். இந்தியாவின் ஆட்சிமுறையை மாற்றும் இந்திய அரசுச் சட்ட மசோதா பற்றிப் பேச அவருக்கு மைக் கிடைத்தது 1935 ஜனவரியில். அந்த ஆகஸ்டில் மசோதா சட்டமாகிவிட்டது.

#17 கீழவாசல்

100 பவுண்டை வாங்கிக்கொண்டு பேச விட்டிருந்தால், அதில் நிதித்துறை எத்தனை சதவீதம் எடுத்திருக்கும் என்று மரப்பெட்டி ஐயா ஒரு கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.